வண்டியை வெளியில் விற்கலாம்

மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஒரு லென்ஸை விளக்கின் முன் தூக்கிப் பிடித்தால், கருவியில் வைப்பதற்கு முன்பே பவர் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அதனால் எல்லாருக்கும் அவள் பவரக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டு மாடியறையில் இருந்தாள்.

ஸ்டோர் பொறுப்பாளர் அவளைவிட மூன்று வயது பெரியவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, குழந்தைகள் இல்லை. ஒரு மழை நாளில் கம்பெனி வேன் பாதியில் நின்றுபோக, குடையில்லாமல் சாலையோரம் நின்றவளைப் பார்த்துத் தன் சாம்பல் நிறக் காரை நிறுத்தினார். மறுநாள் அவள் தெருமுனையில் நிறுத்தினார். அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம். நிறையப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது, பேசாமல் வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் மேடம் என்று கூப்பிட்டார். பிறகு அதுவும் போய், "இங்க பாருங்க" என்றுதான் எதையும் தொடங்குவார். அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி தானாக ஏறாது, கையால் பிடித்து இழுத்துவிட வேண்டும். அதன் சூட்சுமம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். "சம்பளம் வாங்காத டிரைவர் உங்களுக்கு மட்டும் எங்கேக்கா கிடைச்சாரு?" என்று தம்பி மனைவி ஒருமுறை கேலி செய்தாள். அவளும் சிரித்துவிட்டு மாடியேறிவிட்டாள்.

அவருடைய அம்மா வேறு ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். முழங்கால் மடங்காது. இத்தனை வருடம் நான் பார்த்துக்கொண்டேன், இனி நீ பார் என்று அண்ணன் சொல்லிவிட, அம்மா அந்த ஊரை விட்டு வர மாட்டாள் என்பதால் அவரே அங்கிருந்த கம்பெனிக் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் பழைய கார் மிகவும் தாழ்வானது, அம்மாவால் குனிந்து ஏற முடியாது. கதவு உயரமான வண்டி ஒன்றை ஷோரூமில் பார்த்து வைத்திருந்தார்.

இதையெல்லாம் ஒரு நாள் காலையில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். பழையதை ஷோரூமிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் விலை குறைவுதான், ஆனால் வருகிற சனிக்கிழமையே புது வண்டியில் கிளம்பிவிடலாம். வெளியில் விற்றால் நல்ல விலை வரும், ஆனால் ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. "வெளியிலயே வித்துடுங்க. இவ்வளவு நல்லா வெச்சிருக்கிற வண்டிய அடிமாட்டு விலைக்கா குடுப்பாங்க?"

சொன்ன காரணத்தில் பொய் இல்லை. சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது.

விளம்பரம் போட்டார்கள். வண்டி ஓட்டும்போது வரும் அழைப்புகளை எடுக்கச் சொல்லித் தன் போனை அவளிடம் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் டயரை நாலு முறை உதைத்துப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டார். ஒரு கணவன் மனைவி வண்டியைப் பார்க்க வந்த இடத்தில் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். திங்கட்கிழமை அவர் இதைச் சொல்லும்போது அவள் அடக்க முடியாமல் சிரிப்பாள். இன்னும் ஒரு வாரம் கிடைத்தது என்று மனம் கணக்குப் போடும். கூடவே வெட்கம் பிடுங்கித் தின்னும். அங்கே வயதானவள் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாளே.

ஐந்தாவது வாரம், பெட்ரோல் பங்கில் அவர் இறங்கி டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியவர் பள்ளி ஆசிரியர். கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், நாளைக்கே வரட்டுமா என்றார்.

"வண்டி வித்துப்போச்சுங்க" என்றாள் அவள்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர் யாரென்று கேட்டார். ராங் நம்பர் என்றாள்.

அதன்பின் அவளுக்கு எதுவும் சரியாக ஓடவில்லை. மூன்றாம் நாள் ஒரு தட்டு நிறைய லென்ஸ்களைத் தப்பான பவரில் அனுப்பிவிட்டாள். பவரக்காவுக்கு என்ன ஆச்சு என்று பிரிவே திரும்பிப் பார்த்தது. அன்று மாலை தெருமுனை வந்தும் அவள் இறங்கவில்லை.

"அன்னிக்கு பங்க்ல வந்தது ராங் நம்பர் இல்ல. ஒரு வாத்தியார், நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கிறேன்னாரு. நான்தான் வித்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

அவர் எஞ்சினை அணைத்தார். "தெரியும். மறுநாள் அவரே திரும்பக் கூப்பிட்டாரு. நெஜமாவே வித்துப்போச்சான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்."

பிறகு அவர், அம்மா நேற்றுக் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாள், பெரிய அடி இல்லை என்றார்.

"ஷோரூம்லயே குடுத்துடுங்க. இந்தச் சனிக்கிழமையே" என்றாள் அவள்.

என்கூட வாங்க என்று அவர் கேட்டிருந்தால் போயிருப்பாளா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவர் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

சனிக்கிழமை அவளும் ஷோரூமுக்குப் போனாள். மதிப்புப் போடுகிறவர் ஒரு தாளோடு காரைச் சுற்றி வந்தார். ஏறாத கண்ணாடியைக் குறித்துக்கொண்டார். அவளுடைய இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவள் விலைப்பட்டியல் பலகையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டு முடித்ததும், ஸ்டோர் பொறுப்பாளர் அவளைப் புது வண்டியில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். குனியாமலே ஏற முடிந்தது. அம்மாவுக்குச் சௌகரியமாக இருக்கும் என்றாள். அதிலேயே அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார்.

இப்போது கம்பெனி வேனில் போகிறாள். ஊரெல்லாம் சுற்றிப் போவதால் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வரும். அம்மா யார் கையையும் பிடிக்காமல் வண்டியில் தானே ஏறுகிறாள், பக்கத்தில் யாரையும் உதவிக்கு நிற்க விடுவதில்லை என்று போன வாரம் சொன்னார். கேட்டு அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதன்பின் சொல்ல இருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் யாரும் போனை வைக்கவில்லை.