ஆற்றுக்கு எந்தப் பக்கம்

என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. எத்தனை வருடம் சொல்லிப் பார்த்தேன், களைத்துப்போனதுதான் மிச்சம்.

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வெஸ்ட்மீட்டில் இருந்தபோது, மகள் பள்ளியில் ஜப்பானிய மொழி படித்தாள். ஜப்பானிலிருந்து ஒரு மாணவி வந்து எங்கள் வீட்டில் இரண்டு கிழமை தங்குவாள். அடுத்த வருடம் மகள் அவள் வீட்டில் போய்த் தங்குவாள். அதுதான் ஏற்பாடு. அந்த ஒரு பயணத்துக்காகவே உயிரைக் கொடுத்துப் படித்தவள் என் பிள்ளை.

மாணவியின் ஊர்ப் பெயர் தெரிந்த அன்றே இவர் பக்கத்தில் உள்ள பரமட்டா நூலகத்துக்கு ஓடி, ஜப்பானியக் கோட்டை நகரங்களைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்தார். அதில் அந்த ஊருக்கும் ஒரு வரைபடம் இருந்தது. சாப்பாட்டு மேசை போச்சு.

"இஞ்ச பாரும், நடுவில கோட்டை. அகழிக்கு உள்ளுக்குப் போர்வீரர். வெளியில வியாபாரிகள். சாயக்காரருக்கு ஒரு தெரு, தச்சருக்கு ஒரு தெரு. ஆத்துக்கு அங்கால தோல் வேலை செய்த ஆக்கள். வெள்ளம் வந்தா முதல்ல அவையின்ர வீடுதான் போகும்."

"அந்தப் பிள்ளை என்ன சாப்பிடும் எண்டு அதில போட்டிருக்கோ?" என்றேன். போடவில்லையாம்.

மாணவி வந்தாள். குனிந்து வணங்கினாள், இடியப்பத்தை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இவருக்குப் பொறுக்குமா? உங்கள் வீடு ஊரில் எந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் போக வேண்டும் என்றாள். ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்றார். வரைபடத்தையும் அவள் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்தார். அவள் கரண்டியை வைத்துவிட்டாள். தனக்கு ஊரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது என்றாள்.

"ஐயோ, விடுங்கோவன் அந்தப் பிள்ளையை!"

"சொந்த ஊரைத் தெரியாத பிள்ளையும் ஒரு பிள்ளையோ?" என்று என்னிடம் பாய்ந்தார்.

அடுத்த நாளும் விடவில்லை. தெருவின் பெயர் என்ன, அப்பாவுக்கு என்ன வேலை, அப்பாவின் அப்பா என்ன செய்தார். எனக்கே தலை வெடித்தது.

நான்காம் நாள் ஆசிரியை போன் எடுத்தார். மாணவி வேறு வீட்டுக்குப் போக விரும்புகிறாளாம். அப்படியென்றால் மகளின் பயணமும் இல்லை.

"நான் என்ன பிழையாக் கேட்டனான்? புவியியல்தானே கேட்டனான்!" என்று இவர் குதித்தார்.

மகள் கத்தவில்லை. ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். "அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அப்பா. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்துபோனாள். அங்கே கல்யாணம் பேச வருகிறவர்களும் இதைத்தான் கேட்பார்களாம். என் தமிழ்ச் சிநேகிதிகளிடமும் நீங்கள் இதைத்தானே கேட்டீர்கள்? ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று. சாதியைத்தான் விசாரிக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? அவர்கள் ஏன் இப்போது இங்கே வருவதில்லை என்று ஒருநாளாவது யோசித்தீர்களா?"

இவர் புத்தகத்தை மூடிச் சாப்பாட்டு மேசையை விட்டு எடுத்தார். வேறு நாளென்றால் எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்திருக்கும்.

மாணவி பின்னேரமே பெட்டியோடு போய்விட்டாள். மகள் ஜப்பானுக்குப் போகவில்லை. நான் எல்லாப் பழியையும் இவர் தலையில் போட்டுப் பல வருடம் ஏசினேன். கேட்டது அவர்தான், உண்மை. ஆனால் சிநேகிதிகள் வந்தபோதெல்லாம், அவர் கேட்டவுடன் குசினியில் தண்ணீர்ப் பைப்பை மூடிவிட்டுப் பதிலுக்குக் காது கொடுத்தவள் நான்.