சாவியக்காவின் முதல் வியாபாரம்

ஏரிக்கரை வீடுகள் எல்லாம் கோடைக்கென்று கட்டியவை. இலை உதிரத் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் கதவைச் சாத்தி, சாவியை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அதனால் அவளுக்குப் பெயரே சாவியக்கா. குழாய்த் தண்ணீரை வடிப்பது, எலியை விரட்டுவது, கூரை ஒழுகினால் ஆள் பிடிப்பது எல்லாம் அவள் பாடு.

இந்த வருடம் அவளுக்கு ஒரு ஆசை முளைத்தது. காவல் காப்பவள் விற்கவும் கூடாதா என்ன? அந்த நேரம் பார்த்து, அச்சு அசல் ஒன்றுபோல் நிற்கும் இரட்டை வீடுகளில் ஒன்று விலைக்கு வந்தது. "பனி விழறதுக்குள்ள வித்துக் குடுங்க. இல்லன்னா டவுன் புரோக்கர்கிட்ட போயிடுவேன்" என்று சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "குளிர் வர்ற நேரத்துல எவன்க்கா கோடை வீடு வாங்குவான்? பேசாம ஹோட்டல்ல பெட்ஷீட் மாத்தற வேலைக்கே திரும்பிப் போ."

அந்த வேலையை நினைத்தாலே சாவியக்காவுக்கு இடுப்பு வலிக்கும். ஆகவே, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு வீடு பார்க்க வருவதாகப் போன் செய்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் விடிந்ததும் ஓடினாள். எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. பழகிய கை சாவிக்கொத்தில் பொருந்தியதைத் தேடிப் பூட்டைத் திறந்தது. அடுப்பு மூட்டினாள், ஜன்னல் துடைத்தாள், நாற்காலிகளின் மேல் போர்த்திய துணிகளை உருவினாள்.

வந்தவர்கள் சொக்கிப்போனார்கள். டிரைவரின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்பருகே உட்கார்ந்தே விட்டார். "இனி நான் எழுந்திரிக்கிறதா இல்ல!"

சாவியக்கா பூரிப்போடு சுவரில் ஒரு படத்தின் மேல் மிச்சமிருந்த துணியையும் இழுத்தாள். படத்துக்குள்ளிருந்து, இரட்டையில் மற்ற வீட்டுக்குச் சொந்தக்காரரான பல் டாக்டரம்மா முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். வீடு மாறிப்போச்சு! மழுப்பலாம்தான். ஆனால் அவள் பிழைப்பே நம்பிக்கையில் ஓடுவது.

"மன்னிச்சுக்கோங்க, பனியில தப்பான வீட்டைத் திறந்துட்டேன். விக்கிறது பக்கத்து வீடு."

"அதனால என்ன? இவங்க விப்பாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்" என்றார் டிரைவர்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, வீட்டை விற்பாரா என்றும் கேட்டாள்.

"என் விறகையா எரிச்சீங்க?" டாக்டரம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. பிறகு கொஞ்சம் இறங்கியது. "ஆமா, இந்த நேரத்துல வீடு எப்படி இருக்கு? நான் கோடையில மட்டும்தானே பாத்திருக்கேன்."

சாவியக்கா தன்னை மறந்தாள். "ஏரி பூரா நமக்குத்தான்மா. படகுச் சத்தம் இல்ல, கூட்டம் இல்ல. மரமெல்லாம் செவசெவன்னு நிக்குது. இப்பதான் பனி விலகுது, தண்ணி தகதகன்னு... கோடையில வர்றவங்க பாவம்மா, பாதி வீட்டைத்தான் பாக்கறாங்க!"

"அப்ப எதுக்கு விக்கணும்? சனிக்கிழமையே வரேன். விறகு மிச்சம் வைங்க!"

போனை வைத்துத் திரும்பினால் அறையில் யாரும் இல்லை. எல்லாம் போச்சு என்று வாசலுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டின் முன்னால் டிரைவர் பூட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். "இங்கயும் அதே ஏரிதானேம்மா? சாவியைக் கொண்டாங்க!"

அவர் மனைவி இரண்டு கையாலும் 'விற்பனைக்கு' பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.