வில்பரின் ஸ்வெட்டர்

நெமேசியோவுக்கு வாய்தான் பிழைப்பு. குஸ்கோ மலைகளில் இடிந்து கிடக்கும் பழைய கல்நகரங்களைச் சுற்றிக் காட்டியே பாதி ஆயுளை ஓட்டிவிட்டான். பெரிய சுவருக்கு முன்னால் நின்று, "இந்தக் கல்லு இடுக்குல கத்திகூட நுழையாது. என் மாமியார் காதும் அப்படித்தான், நாம சொல்றது எதுவும் நுழையாது" என்பான். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஜோக் மட்டும் சாகவில்லை. பயணிகள் சிரிப்பார்கள். பின்னால் சமையல் மூட்டையோடு நிற்கிற அவன் மனைவி பசிலியா சிரிக்க மாட்டாள். அவளுக்கு ஸ்பானிய மொழி வராது. வந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டாள்.

அவள் சமையல்காரியாகக் கூட வருவதே பயணத்தின் இரண்டாம் பாதிக்காகத்தான். மலை முடிந்ததும் வண்டி காட்டுக்கு இறங்கும். அங்கிருந்து படகு. அவர்களுடைய ஒரே மகன் வில்பர் அந்த ஆற்று மணலில் தங்கம் தோண்டப் போனவன். கீழே வெயில் கொளுத்தும் என்று சொல்லி, போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுச் சட்டையோடு போனான். முதலில் போன் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. திரும்பி மலை ஏறும்போது பிள்ளை நடுங்குவானே என்று பசிலியா ஒவ்வொரு முறையும் அந்த ஸ்வெட்டரை மூட்டையின் அடியில், காய்ந்த உருளைக்கிழங்குக்குக் கீழே வைத்து எடுத்து வருவாள். துறைக்குத் துறை இறங்கிப் படகுக்காரர்களிடம் போட்டோவைக் காட்டுவாள்.

அவர்கள் ஊரில் ஒருவர் இறந்தால் ஐந்தாம் நாள் அவர் உடுத்திய துணிகளை ஓடைக்குக் கொண்டுபோய்த் துவைப்பார்கள். பெற்றவர்கள் கை படக்கூடாது, வெளியாள்தான் துவைக்க வேண்டும். துவைத்தவருக்கு வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்ப வேண்டும். அப்போதுதான் உயிர் வீட்டை விட்டுக் கிளம்பும். உறவுக்காரர்கள் இதை ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். நெமேசியோவின் அக்கா மட்டும் நேராகவே கேட்டுவிட்டாள்.

"பொணத்தப் பாத்தவங்க யாரு?" என்றாள் பசிலியா. "உசுரோட இருக்கிறவன் துணிய எதுக்குத் துவைக்கணும்?"

அதோடு அந்தப் பேச்சு நின்றது. அக்கா வருவதும் நின்றது.

பிணத்தைப் பார்த்தவன் ஒருவன் இருந்தான். ஒரு படகுக்காரன் நெமேசியோவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். மழையில் குழிக்கரை சரிந்து பையன்கள் புதைந்துபோனதையும், எடுத்த உடல்களை அங்கேயே கரையில் அடக்கம் செய்ததையும், அதில் ஒருவனுக்குப் புருவத்தில் தழும்பு இருந்ததையும் சொன்னான். அது வில்பர் சின்ன வயதில் அடுப்புக்கல்லில் விழுந்து வாங்கிய தழும்பு. நெமேசியோ அவன் கையைப் பிடித்து, பசிலியாவிடம் மட்டும் சொல்லாதே என்று கெஞ்சினான். தேடுகிறவரைக்கும் அவள் நடக்கிறாள், சமைக்கிறாள், இரண்டு வாய் சாப்பிடுகிறாள். தெரிந்துவிட்டால் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் எழுந்திருக்க மாட்டாள் என்று பயந்தான். பயணிகள் போட்டோ எடுக்கிற நேரமாகப் பார்த்துச் சுவர்களுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வருவான். கேட்டால் தூசி என்பான்.

அந்த முறை வந்தவர்கள் மெக்சிகோக்காரத் தம்பதி, ஒக்தாவியோவும் கிராசியேலாவும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கைகோத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள். காட்டில் கம்பளித்துணி எதற்கு என்று நெமேசியோ வாய்ச்சவடால் அடித்ததை நம்பி, எல்லாவற்றையும் குஸ்கோ விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். படகை விட்டு இறங்கிய மறுநாளே தெற்கிலிருந்து குளிர்காற்று கிளம்பியது. வருஷத்தில் சில நாள் காடே விறைத்துப்போகுமே, அந்தக் காற்று. தங்கியிருந்த குடிலில் கிராசியேலாவுக்குப் பல் கிட்டியது. இருந்த போர்வைகள் போதவில்லை. ஒக்தாவியோ அவளுடைய பாதங்களைத் தேய்த்துக்கொண்டே நெமேசியோவைப் பார்த்த பார்வையில் அவன் கூனிக் குறுகிப்போனான்.

பசிலியா துறைக்குப் போயிருந்தாள், போட்டோவோடு. நெமேசியோ மூட்டையைத் திறந்தான். குளிருக்குப் பின்னியதுதானே, ஒரு உயிருக்கு உதவட்டும், அவள் பார்ப்பதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தான். கிராசியேலா ஸ்வெட்டருக்குள் சுருண்டு தூங்கிவிட்டாள்.

காற்று அடங்கி வெயில் வந்தது. நெமேசியோ ஒக்தாவியோவுக்குக் கிளி காட்டப் போனான். உடுத்திய துணியை அழுக்காகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கிராசியேலாவுக்கு இல்லை. ஆற்றங்கரைப் பலகையில் வைத்து, வாசனை சோப்புப் போட்டுக் கசக்கி, அலசி, கொடியில் விரித்துப் போட்டாள்.

நெமேசியோ திரும்பி வந்தபோது பசிலியா கொடிக்கு அடியில் நின்றிருந்தாள். ஸ்வெட்டரிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு துவைச்சது?"

"அந்தம்மாதான். தெரியாம துவைச்சிட்டாங்க. நான்தான் குடுத்தேன்."

அவள் ஸ்வெட்டரின் ஈரக் கையை இழுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். அதில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது. பிறகு திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறவனிடம் அந்த நேரத்துக்கு ஒன்றுகூட இல்லை.

"உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மழைக்காலம் ஆச்சு. கரை சரிஞ்சிருச்சு, பசிலியா. படகுக்காரன் பாத்திருக்கான். தழும்பைச் சொன்னான்."

அவள் துவைக்கிற பலகையில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவன் பயந்தது இதற்குத்தான். அவளைத் தூக்கிவிடவும் துணிவில்லாமல் பக்கத்தில் நின்றான்.

"ரெண்டு வருசமா நீ தனியாவா அழுதே?" என்றாள்.

அவன் சேற்றில் மண்டியிட்டு அவள் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டான். அன்றைக்குத் தூசி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே அவனை எழுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனாள். வில்பர் வந்தால் போடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த காய்ந்த உருளைக்கிழங்கை எல்லாம் கொட்டி, முழுக்கோழி போட்டுச் சூப் காய்ச்சினாள். முதல் கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப ஊற்றிக் கிராசியேலாவிடம் கொண்டுபோனாள். காலியானதும் இன்னொன்று ஊற்றினாள். அதுவும் காலியானது. மூன்றாவதற்குக் கரண்டியைத் தூக்கியபோது கிராசியேலா வயிற்றைத் தடவிக் காட்டி நெமேசியோவைத் துணைக்கு அழைத்தாள்.

"ஒரு ஸ்வெட்டர் துவைச்சதுக்கா இவ்வளவு கவனிப்பு? போதும்னு சொல்லுங்க."

பசிலியா நகரவில்லை. தங்கள் கெச்சுவா மொழியில் அவனிடம் சொன்னாள்: "சாப்பிடச் சொல்லு. என் பிள்ளை துணியத் துவைச்சவ அரை வயிறா எந்திரிக்கக் கூடாது."

நெமேசியோ கிராசியேலா பக்கம் திரும்பினான்.

"இன்னும் கொஞ்சம் சாப்பிடணுமாம்" என்றான்.

கிராசியேலா சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள்.