தரை விடாத நடை

வேகநடைப் போட்டியை முதல் தடவை பார்க்கிற எவருக்கும் சிரிப்புதான் வரும். இடுப்பை வெட்டி வெட்டி, முழங்கையை மடக்கி வீசிக்கொண்டு, ஓடவும் ஓடாமல் நடக்கவும் நடக்காமல் மனுஷர் போனால் வேறு என்ன வரும்? ஹைதராபாத் மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எலிசபெத்துக்கு வைத்த பெயர் பத்தக். வாத்து என்று அர்த்தம். "ஏ பத்தக், கைக்கூ? ஏன் இவ்ளோ அவசரம்? பஸ்ஸு போயிடுச்சா?" என்று கத்துவார்கள். அவளா விடுவாள்? "கூட வந்து பாருடா, நாக்கு வெளிய வந்துரும்" என்று சொல்லிவிட்டு நடையைக் குறைக்காமல் போவாள்.

அவள் அப்பா ஆரோக்கியசாமி ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். டிகிரியைப் பாதியில் விட்ட மகளுக்கு நடையைத் தவிர வேறு எதுவும் ஒட்டவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைத்தால் ஆயுசுக்கும் நடக்கலாம். போன வருஷத் தேர்வில் ஒரே ஒரு இட வித்தியாசத்தில் தவறிப்போனது. இந்த 2007-ஆம் வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது. கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார், அவளும் தலையாட்டிவிட்டாள். அத்தனை நம்பிக்கை.

அப்போதுதான் அண்ணன் ஆண்டனி வீடியோ கேமராவோடு வந்தான். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. உலகத்தில் எதையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் சரியாகிவிடும் என்கிற ஜாதி. அந்தக் காலத்து ஹைதராபாத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கிறுக்கு இருந்தது. தங்கை நடப்பதைப் படமெடுத்து, ஒவ்வொரு படமாக நிறுத்திக் காட்டினான்.

"இங்க பாரு லிசி. பின்கால் தரைய விட்டுருச்சு, முன்கால் இன்னும் தொடல. ரெண்டு காலும் காத்துல இருக்கு."

எலிசபெத் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்னால் வைக்கிற காலின் முழங்கால் மடங்கக் கூடாது. இவ்வளவுதானே வேகநடை?

"வேகம்னா எடுத்து வெக்கிற எட்டோட நீளமும், எட்டு எவ்ளோ சீக்கிரம் விழுதுங்கறதும்தான்" என்றான் ஆண்டனி. "உனக்குக் குட்டைக் கால். தரைய விடாம நடந்தா எட்டு இதுக்கு மேல நீளாது. மிச்சத்த நீ பறந்து கடக்குற."

"அப்ப நான் இத்தனை நாளும் ஏமாத்தினேனாண்ணே?"

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு டிரையல்லயே கேமரா வெச்சா? இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான். இடுப்ப இன்னும் திருப்பு, தரைய விடாமலே எட்டு நீளும்."

கேமரா வருமோ வராதோ, அவளுக்கு அது கவலையில்லை. பொய் நடை நடந்தோமே என்பதுதான் குடைந்தது. மாதா கோவிலில் பாவமன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் போய் இதைச் சொல்லியிருக்கிறாள்! சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இது பாவமில்லம்மா, போய் வேற வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டார். அவள் கேட்கவில்லை. மாதக்கணக்கில் அண்ணனும் தங்கையுமாக அந்தப் பறத்தலை உடம்பிலிருந்து பிடுங்கி எறிந்தார்கள். கடைசியில் படத்தில் எங்கே நிறுத்தினாலும் ஒரு கால் தரையில் இருந்தது. ஆண்டனி கை தட்டினான். வேகம் குறைந்ததை இருவரும் பார்த்தார்கள், தேர்வுக்குள் ஏறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

ஏறவில்லை. தேர்வு நாளில் எந்தக் கேமராவும் இல்லை. வளைவுகளில் நடுவர்கள் வெறும் கண்ணோடு நின்றார்கள். விதியே அப்படித்தான், கண்ணுக்குத் தெரிந்தால்தான் குற்றம். முன்னால் போன பெண்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பறந்துகொண்டுதான் போனார்கள். எலிசபெத்துக்கு இப்போது அது தெரிந்தது, ஐயோ, நன்றாகவே தெரிந்தது. பாதித் தூரத்தில் நேர்மையைத் தூக்கிப் போட்டாள். பழைய நடையைக் கூப்பிட்டாள். அது வரவில்லை. இடுப்பு ஒன்றைச் செய்தது, கால் வேறொன்றைச் செய்தது. இழுத்துப் பிடித்து வேகமெடுத்தபோது முழங்கால் மடங்கியது. மடங்கிய முழங்காலைப் பார்க்கக் கண்ணே போதும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை கொடுத்தார்கள். தலைமை நடுவர் பாலச்சந்திரன் குறுக்கே வந்து அவளைத் தடத்திலிருந்து வெளியேற்றினார்.

அவள் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆண்டனி ஓடி வந்து பக்கத்தில் நின்றான். போட்டி முடிந்ததும் பாலச்சந்திரன் அவர்களிடம் வந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவளை வருஷக்கணக்காகப் பார்க்கிறவர்.

"அழுவ நக்கோம்மா, அழாதே" என்றார்.

"சார், போன வருஷம் நான் பறந்தேனா?"

"நம்ம கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஒரு வார்னிங்கூட இல்லயே! ஹவ், ஆமாம்மா, எவ்ளோ சோக்கா நடந்தே. இந்த வருஷம் அதே நடை நடந்திருந்தா வேலை உனக்குத்தான்." அவருக்கு உண்மையிலேயே ஆற்றாமை. "அந்த நடைய யாரும்மா கெடுத்தது?"

ஆண்டனி வாயைத் திறந்தான். எலிசபெத் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நானேதான் சார்" என்றாள்.