புதுக் கம்ப்யூட்டரில் பழைய சாலை

தென்னை மட்டை விழுந்து என் கணவருக்கு மண்டையில் அடிபட்டது ஓர் ஐப்பசி மாதத்தில். கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மழைக்கு முன் துணிகளை எடுக்கப் போனவர் கொடிக்கயிற்றின் கீழ் குனிந்திருக்கிறார். காற்றில் காய்ந்த மட்டை ஒன்று தலையின் வலது பின்பக்கத்தில் வந்து இறங்கியது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் கிடந்தார். திரும்பி வந்தபோது நடந்தார், பேசினார், மரச்சீனிக் கிழங்கும் மீனும் முன்போலவே சாப்பிட்டார். டாக்டர் ஒன்றுதான் சொல்லியிருந்தார். அடுத்த முறை வந்து காட்டும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

அவர் டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். சொந்தமாக ஒரு கறுப்பு அம்பாசடர் இருந்தது. பாறசாலை ஜங்ஷனில் வண்டியைப் போட்டுவிட்டுச் சவாரிக்குக் காத்திருப்பார். அதே ஜங்ஷனில் ஒரு மாடி அறையில் நான் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். கல்யாணக் கார்டு, மரண அறிவிப்பு, சபைக் கன்வென்ஷன் நோட்டீஸ் என்று தமிழிலும் மலையாளத்திலும் வேலை வரும். சவாரி இல்லாத மத்தியானங்களில் அவர் மேலே வந்து என்னுடைய பழைய 386 கம்ப்யூட்டரில் ஒரு கார் ஆட்டம் ஆடுவார். விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் சின்ன ஆட்டம் அது. மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு சாலை தெரியும், இரண்டு பக்கமும் லாரிகள் வரும். அம்புக்குறி விசைகளால் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். திரையின் மூலையில் நேரம் விநாடி விநாடியாகக் குறையும். கொஞ்ச தூரம் தாண்டினால் ஓர் ஆற்றுப் பாலம் வரும். நான் பாலத்தைக் கண்டதே இல்லை. அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அதைக் கடந்து போவார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் இடி விழுந்து அந்தப் பழைய மெஷின் கருகிவிட்டது. நெய்யாற்றின்கரையில் ஒரு கடையிலிருந்து விண்டோஸ் 98 போட்ட புதிய கம்ப்யூட்டர் வாங்கினேன். ஆட்டம் மட்டும் ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் முற்றத்தில் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கூப்பிட்டால் திரும்ப ஒரு கணம் எடுத்தது. கொஞ்சம் மனசு மாறட்டும் என்று கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்த ஆட்டத்தைப் புது மெஷினில் போட்டால் உற்சாகமாவார் என்று நினைத்தேன்.

அது ஓட மறுத்தது. திரை கறுத்து, நினைவகம் போதாது என்று ஒரு வரி வந்து நின்றது. பழையதைவிடப் பல மடங்கு நினைவகம் உள்ள மெஷின் அப்படிச் சொன்னது. டாஸ் ஆட்டங்களுக்கு முதலில் உள்ள ஒரு சிறு பகுதிதான் பயன்படும் என்பது டிப்ளமாவில் படித்தது ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் மவுஸுக்கும் சி.டி.க்கும் உரிய சிறு நிரல்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. அவற்றை எல்லாம் விட்டுவிட்டு, மெஷினை டாஸில் மட்டும் தொடங்கும் ஒரு ஃபிளாப்பி தயார் செய்தேன். ஆட்டம் வந்தது. பழைய சாலை, பழைய லாரிகள். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

விசையைத் தொட்டார். வண்டி மோதியது. மறுபடி தொடங்கினார். மறுபடி மோதியது. லாரி வருவது தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு எழுந்து படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் சாயா குடிக்கும்போது சொன்னார். "வண்டியக் கொடுத்திரலாம்."

"எதுக்கு? டாக்டர் கொஞ்ச நாளு கழிச்சு ஓட்டலாமுன்னுதானே சொன்னாரு."

"எனக்க தலை பைய ஆயிட்டு. கண்ணு காணுது, கை போவல்ல. நேத்து நீயும் பாத்தல்லியா. ரோட்டுல ஆளக் கொல்லணுமா?"

காட்டாக்கடையிலுள்ள ஒரு வண்டிப் புரோக்கருக்கு அதற்குள் ஆளனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து புரோக்கர் வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

நானும் அதை நம்பினேன் என்பதுதான் உண்மை. அன்று முழுக்க அவரை உளவு பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்ளரை எடுக்கக் கை நீளுவது, சட்டைப் பொத்தான் போடுவது, பூனை குறுக்கே ஓடினால் கால் ஒதுங்குவது, எல்லாமே மெதுவாகத் தெரிந்தது. இனி இவர் இப்படித்தானோ, இன்னும் மோசமாகுமோ என்று நினைத்தபோது பருப்பு அடிபிடித்துப்போனது.

கடையில் தனியாக இருந்தபோது, ஏனென்று தெரியாமல், அந்த ஆட்டத்தைப் போட்டு நானே உட்கார்ந்தேன். முதல் லாரியிலேயே மோதினேன். மறுபடியும் அதே. நான் கெட்டிக்காரி இல்லைதான். ஆனால் பழைய மெஷினில் இவ்வளவு மோசமாக ஆடியதில்லை. அப்போதுதான் மூலையிலிருந்த நேரத்தைக் கவனித்தேன். எண்கள் வாசிக்க முடியாமல் ஓடின. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதன் விநாடி முள் சிறிது நகர்வதற்குள் ஆட்டத்தில் ஒரு நிமிடம் தீர்ந்துபோனது. அந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் தெரியாது. மெஷின் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் அது ஓடும். 386-க்கு எழுதியதைப் பென்டியத்தில் போட்டிருந்தேன்.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "இஞ்ச பாருங்க, அது மெஷினுக்க வேகமாக்கும். உங்களுக்க தலைக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் மோதத்தான் செய்யுது."

"நீ எனக்க சமாதானத்துக்குப் பறையாத."

கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் காட்டினேன். நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி. அப்போ பழைய வேகத்துல போட்டுத் தா. அப்பப் பாப்போம்," என்றார்.

நெய்யாற்றின்கரைக் கடைக்குப் போன் செய்தேன். மெஷினை மாட்டித் தந்த பையன் சிரித்தான். "சேச்சி, பழைய கேம் ஒந்நும் இதில் சரியாவில்ல. ஞான் புதிய ஒந்நு தராம்." பழையது எதுவும் ஓடாதாம், புதிது ஒன்று தருவானாம். எல்லோரும் வேகமான மெஷின் கேட்டுத்தான் அவனிடம் போவார்கள். மெஷினை மெதுவாக்க வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு வழி எனக்குத் தெரியும்; தொடத்தான் பயம். மெஷின் தொடங்கும்போது டெலிட் விசையை அழுத்தினால் நீலத் திரையில் உள் அமைப்புகள் வரும். மெஷினின் மூளையான செயலியின் அருகிலேயே கேஷ் என்று இரண்டு அடுக்கு வேக நினைவகம் உண்டு. அதை அங்கே மூடிவிடலாம். மூடினால் மெஷின் தவழும். ஆனால் நான் படித்த இடத்தில் ஒரு மாணவி அந்தத் திரையில் எதையோ மாற்றப்போய் மெஷின் பிறகு எழவே இல்லை. ஒற்றசேகரமங்கலத்து வீடு ஒன்றின் கல்யாணக் கார்டு என் ஹார்டு டிஸ்கில் பாதியில் கிடந்தது. அதை முதலில் ஃபிளாப்பிகளில் எடுத்துவைத்தேன். ஜெபம் செய்துவிட்டு இரண்டு அடுக்கையும் மூடினேன்.

மெஷின் எழுந்தது. நினைவகத்தை எண்ணி முடிக்கவே ஒரு யுகம் எடுத்தது. ஆட்டத்தைப் போட்டேன். லாரிகள் மாட்டுவண்டிபோல வந்தன. நான் பாலத்தைத் தாண்டினேன், முதல் முறையாக. மூலையிலிருந்த நேரம் சுவர்க் கடிகாரத்தைவிட மெதுவாகக் குறைந்தது.

கை விசையிலேயே இருந்தது. இப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. இதில் அவர் சுலபமாக ஜெயிப்பார். முகம் தெளியும். புரோக்கர் வெறுங்கையோடு திரும்புவார். ஆட்டம் வேகமாக ஓடியவரைக்கும் பழியைப் போட மெஷின் இருந்தது. சரியான வேகத்தில் வைத்து, அதிலும் அவர் மோதினால் நான் என்ன சொல்வது? கீழே ஜங்ஷனில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் சத்தம் கேட்டது. மறுபடி நீலத் திரைக்குப் போய் இரண்டில் வெளி அடுக்கை மட்டும் திறந்துவிட்டேன். இப்போது ஆட்டத்தின் விநாடியும் கடிகாரத்தின் விநாடியும் கிட்டத்தட்ட ஒன்றாகப் போயின.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரையின் கீழே வைத்து, ஆட்டத்தை ஓடவிட்டு, சரிபார்த்தார். இதை அவர் செய்வாரென்று நான் யோசித்திருக்கவே இல்லை. பிறகுதான் விசையைத் தொட்டார்.

கொஞ்சம் போனார். மோதினார். மறுபடி கொஞ்சம் கூடுதலாகப் போனார். மோதினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன். விரல்கள் தாமதிக்கவில்லை என்று தோன்றியது. வலப்பக்கம் வந்த லாரிகளுக்கு அழகாக ஒதுங்கினார். அப்படியென்றால் எங்கே மோதுகிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்து லாரிதான்.

"இடது பக்கம் வாறது தெரியல்லியா உங்களுக்கு?"

"எங்க வருது? திடீருன்னுல்லா முன்ன நிக்குது."

"முகத்தக் கொஞ்சம் இடது பக்கமாட்டு திருப்பி வச்சுப் பாருங்க."

நம்பாமல்தான் திருப்பினார். அடுத்த ஆட்டத்தில் பாலம் வந்தது. தாண்டினார். பாலத்துக்கு அப்பாலும் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் அவரே கையை எடுத்துவிட்டார். கண் நிறைந்திருந்தது. தலை மெதுவாகவில்லை என்பதில் வந்த நிம்மதி நிலைப்பதற்குள், அப்படியானால் கண்ணில் என்ன என்ற அடுத்த பயம் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்து, கதவைத் திறந்து மூடினார். இவர், "இப்பக் கொடுக்கல்ல," என்றார்.

"அண்ணாச்சி, வாக்குப் பறஞ்சிட்டு மாறுறது சரியில்ல கேட்டேளா."

"சரியில்லதான். ஆனா வண்டி இஞ்ச கெடக்கட்டு."

சாயாவைக் குடிக்காமலே புரோக்கர் போய்விட்டார்.

அந்த வாரமே திருவனந்தபுரத்துக்குப் போனோம். பரிசோதனை நாள் வரும்வரை காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் டாக்டர் திட்டுவாரென்று பயந்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டார். கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். குழிந்த வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் இவரைப் பார்க்கச் சொல்லி, ஒளிப்புள்ளிகள் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இடப்பக்கத்துப் புள்ளிகள் பலவற்றுக்கு அவர் கை அசையவில்லை. நான் கதவோரம் நின்று பார்த்தேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். பின்மண்டையில் பட்ட அடிதான் இடப்பக்கத்துக் காட்சியை மறைத்திருக்கிறது.

"சரியாகுமா?" என்று கேட்டேன்.

"குறையலாம். குறையாமலும் போகலாம்," என்றார் டாக்டர். "அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது."

வண்டிக்கு ஒரு டிரைவரை வைத்தோம். இவர் ஜங்ஷனில் நின்று சவாரி பேசி அனுப்புவார். மத்தியானம் மேலே வந்து ஆடுவார், முகத்தைத் திருப்பாமலே இடப்பக்கம் தெரிகிறதா என்று பார்க்க. அதற்காக நான் தினமும் கேஷை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். அவர் ஆடும்போது நான் கார்டுகளைப் பிழை திருத்துவதுபோல உட்கார்ந்திருப்பேன். காது விசைகளின் சத்தத்தில் இருக்கும். சில நாள் இடப்பக்க லாரிகளிலிருந்து தப்பினார். சில நாள் எல்லாம் மோதின.

அடுத்த மழைக்காலம் கழிந்து அந்தக் கிண்ணத்துக்குள் மறுபடி பார்த்தபோது, மேல் மூலையில் ஒரு சிறு பகுதி தவிர மற்றப் புள்ளிகள் எல்லாம் தெரிந்தன. பகலில் மட்டும் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் நெய்யாற்றின்கரைவரை போய்வரலாமென்று இவர் சாவியை எடுத்தார். நான் முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தேன், அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்வதாக.

உதியன்குளங்கரை தாண்டியதும் இடப்பக்க இடைவழி ஒன்றிலிருந்து, பின்னால் புல்லுக்கட்டு வைத்த சைக்கிள் ஒன்று திரும்பிப் பாராமல் சாலைக்கு ஏறியது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. சைக்கிள்காரர் எங்களை முறைத்துவிட்டுப் போனார்.

"கண்டீங்களா?" என்றேன்.

"கண்டேன். நீ கதவ விடு," என்றார்.

அப்போதுதான் பார்த்தேன், என் இரண்டு கையும் கதவுப்பிடியில் இருந்தன. நெய்யாற்றின்கரை போய்ச் சேரும்வரை அவற்றை எடுக்க என்னால் முடியவில்லை.