அழிய மறுத்த டிஸ்க்

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்து அலுத்துப்போய், சத்தியவேட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலாவது போய்வரலாம் என்று அங்கே சேர்ந்தேன்.

நோயாளிகளின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் கீழ்த்தளத்து ஏசி அறையில் இருந்தன. நெட்வொர்க்கில் ஒன்றோடொன்று பிணைத்த சில சர்வர்கள் சேர்ந்து ஒரே பெரிய கிடங்குபோல வேலை செய்யும். அதற்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் இடம் ஒதுக்கி, அதை டிஸ்க் என்று சொல்வோம். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் அல்ல.

புது ஸ்கேன் மெஷின் திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. கிடங்கில் இடமில்லை. புதிதாக வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்டுக்கேட்டு ஓய்ந்திருந்தேன். ஒருநாள், தமிழோடு தெலுங்கும் கலந்து பேசும் எங்கள் மேனேஜர் கூப்பிட்டு, பழைய டிஸ்க் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை அழித்து இடம் எடுத்துக்கொள் என்றார். அதிலிருந்த படங்களையெல்லாம் முன்பிருந்த கான்ட்ராக்ட்காரர்கள் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மாற்றியாயிற்று என்று அவர்கள் சொன்னதை அவர் நம்பியிருந்தார். யாரும் சரிபார்க்கவில்லை.

அழிக்கக் கட்டளை கொடுத்தேன். முடியாது என்றது. டிஸ்க் உபயோகத்தில் இருக்கிறது, யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று திரையில் வந்தது. திரும்பவும் கொடுத்தேன். அதே பதில். இப்படி வருவதற்குப் பெரும்பாலும் அற்பமான காரணம்தான் இருக்கும். ஏதோ ஒரு மெஷின் பாதியில் நின்றுபோய், பிடித்த பிடியை விடாமல் இருக்கும். அதைக் கண்டுபிடித்து விடுவித்தால் டிஸ்க் அழிந்துவிடும். பிடித்திருக்கும் மெஷினின் நெட்வொர்க் முகவரியைத் தேடினேன். அது எங்கள் அறை மூலையிலேயே இருந்த பழைய சர்வருடையது. நின்றுபோயிருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தால், அன்று காலையில்கூடப் புதிய படங்கள் வந்து விழுந்திருந்தன. எல்லாம் குப்பம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் கிளை மருத்துவமனையின் எக்ஸ்ரேக்கள். யாரும் எதையும் எங்கேயும் மாற்றவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், அது காலி டிஸ்க் இல்ல. குப்பம் படம் பூரா அதுலதான் இருக்குது. இன்னும் வந்துக்கினே இருக்குது."

அவர் முகம் சுளித்தார். "மரி ஏம் சேத்தாம், என்ன பண்றது? திறப்பு விழாவுக்கு இடம் வேணுமே."

"மாத்திடலாம் சார். குப்பத்துக்குப் போயி, எக்ஸ்ரே மெஷின் படம் அனுப்புற முகவரிய மொதல்ல மாத்தணும். அப்புறம் இங்க இருக்கிறத ஒவ்வொண்ணா நகத்தணும். நான் வர்ற வரைக்கும் யாரும் அதத் தொட வேணாம்."

"சரேம்மா. நுவ்வு வெள்ளிரா, போயிட்டு வா" என்று சிரித்தபடியே அனுப்பிவைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பி, சித்தூரில் பஸ் மாறி, பலமநேர் வழியாகக் குப்பம் போய்ச் சேர்ந்தபோது மதியமாகியிருந்தது. எக்ஸ்ரே அறையில் டெக்னீஷியன் பெண் ஒருவர் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கிரானைட் குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவர். தூசியால் நுரையீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சந்தேகப்பட்டு, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அனுப்பியிருந்தார்.

"வேலைக்குச் சேர்றப்ப இங்கதாம்மா படம் எடுத்தாங்க" என்றார் அவர் என்னிடம், நான் ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டு. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருந்தேன். இப்ப குவாரிக்காரன், நீ வர்றப்பவே சீக்காளிதான்டா, அதுக்கு நான் என்ன பண்றதுங்கிறான். அந்தப் படத்தக் காட்டுனா அவனால பேச முடியாதுன்னு டாக்டரு சொன்னாரு."

டெக்னீஷியன் அவருடைய பழைய படத்தைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. வேறொருவர் படத்தைத் திறந்தார். அதுவும் வரவில்லை.

"இன்னாக்கா இது? காலையில நல்லாத்தானே வந்துச்சு."

வெளியே வந்து மேனேஜருக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே உற்சாகமாகப் பேசினார்.

"அயிப்போயிந்தம்மா! நமக்கு சர்வர் வித்த பெங்களூர் கம்பெனிக்காரங்க அங்க இருந்தே முடிச்சிட்டாங்க. நீ எர்ரர் எர்ரர்னு சொல்லிக்கினு இருந்தியே, ஒண்ணுமே இல்ல. அந்தப் பழைய சர்வரக் கட் பண்ணிட்டு ஃபோர்ஸ் டெலீட் குடுத்தாங்க. இடம் வந்துடுச்சு."

"சார், சொல்லிட்டுத்தானே வந்தேன்? குப்பம் படம் பூரா அதுலதான்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

அவர் குரல் இறங்கியது. "பேக்கப் உந்தி கதா, இருக்குதில்ல?"

"இல்ல. பேக்கப்புக்கும் சேத்துத்தான் இடம் கேட்டு மெயில் போட்டுக்கினே இருந்தேன். நீங்க பதிலே போடல."

"சரி சரி, கத்தாத. ஆபீஸ்க்கு வா. மாட்லாடுதாம், பேசிக்கலாம்."

அறைக்குள் திரும்பி வந்தேன். அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். டெக்னீஷியன்கூடக் கண்ணால் அப்படித்தான் சாடை காட்டினார்.

"அண்ணா, உங்க படம் போயிடுச்சு. எங்க ஆளுங்க அழிச்சிட்டாங்க. திரும்பி வராது."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "என்னுதையா? எதுக்கும்மா?" என்றார். நான் என்ன சொல்வது? திறப்பு விழாவுக்கு இடம் வேண்டியிருந்தது என்றா?

உண்மையிலேயே திரும்பி வராதா என்று அடுத்து வந்த நாட்களில் எல்லா வழியிலும் தேடினேன். எக்ஸ்ரே மெஷினுக்குள் கடைசிச் சில வாரப் படங்கள் தங்கியிருந்தன. அவற்றை மீட்டேன். பழையவை போனது போனதுதான். பெங்களூர்க்காரரிடம் போனில், அந்த எர்ரர் எதற்காக வருகிறது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும் மேடம். ஆனா கிளையன்ட் ஓகேன்னு சொன்னாங்க" என்றார். அவ்வளவு அலட்சியமாக ஒரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மீட்டிங் வைத்தார்கள். ஹார்ட்வேர் கோளாறால் படங்கள் போய்விட்டன என்று கிளைக்கு என் பெயரில் மெயில் அனுப்பச் சொன்னார்கள்.

"எதுவும் கெட்டுப்போவல சார். அழிக்காதன்னு அது நமக்குச் சொல்லிச்சு. நானும் சொன்னேன். அழிச்சது நாம."

"இது நோயாளிகளுக்குப் புரியாது" என்றார் மேனேஜர்.

"எனக்குப் புரியுதே சார்" என்றேன். மெயில் அனுப்பவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

ஊரில் எங்கள் நைனா ஏசினார். கூலி வேலை செய்தே என்னைப் படிக்கவைத்த அப்பா அவர். "ஒரு மெயிலு தானே? அனுப்பிட்டு வேலைய வச்சிக்கினு இருந்திருக்கலாமே. உன்னோட எர்ரருக்கு எவன் சோறு போடப் போறான்?" அவர்மீதும் கோபம் வந்தது. சாப்பிட்டு எழுந்துபோனேன்.

பிறகு குவாரித் தொழிலாளி நஷ்டஈடு கேட்டு சித்தூர் லேபர் ஆபீசில் மனுக் கொடுத்திருப்பதாக டெக்னீஷியன் சொன்னார். விசாரணை நாளில் நானும் போனேன்.

"ஹாஸ்பிட்டல் சார்பா வந்திருக்கீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். இவரு படம் அங்க இருந்தது உண்மை. அத அழிச்சதும் உண்மை. அதச் சொல்ல வந்தேன்."

அவர் எழுதிக்கொண்டார். அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். அதுதான் எனக்குத் தெரியாது. நான் எந்தப் படத்தையும் திறந்து பார்த்தவள் இல்லை. குவாரிக்காரரின் வக்கீல் மெல்லச் சிரித்தார்.

கடைசியில் சமரசம் பேசினார்கள். வைத்தியச் செலவைக் குவாரிக்காரர் ஏற்பார். ஆனால் தூசியால் வந்த நோய் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். தொழிலாளி கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தாங்கவில்லை. "ஏண்ணா ஒத்துக்கினீங்க? இன்னும் கொஞ்சம் போராடியிருக்கலாமே."

அவர் நின்று மூச்சு வாங்கினார். "எனக்கு மருந்து வேணும்மா. நடக்கவே முடியல, எங்கேருந்து போராடுறது?" என்றார். பிறகு, வந்ததற்கு நன்றி சொல்வதுபோலத் தலையசைத்துவிட்டுக் குப்பம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டால் வாயை மூடிக்கொண்டார். பஸ் கிளம்பும்வரை அவர் இருமல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.