சாய்ந்து கிடக்கும் மரத்துக்குத்தான் நிவாரணம்

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து பால் பாக்கெட்டுகளை எடுத்தேன், வாசல் தெளித்தேன், டைரியில் தேதி எழுதினேன். மயிலாப்பூரில் மழை விட்டிருந்தது. தென்காசிப் பக்கம் எங்கள் எலுமிச்சைத் தோப்பில், சூறைக்காற்றில் சாய்ந்த மரங்கள் மூன்றாவது நாளாக அப்படியே கிடந்தன.

தோப்பைப் பார்ப்பது தம்பி. பட்டா என் பெயரில். அதனால் மரத்தைத் தொடலாமா என்று அவன் என்னிடம்தான் கேட்டான். சாய்ந்த எலுமிச்சையை வேர் காய்வதற்குள் நிமிர்த்தி, கொப்புகளைக் கழித்து, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வி.ஏ.ஓ. நேரில் வந்து, கிடக்கிற மரத்தைப் பார்த்து எழுதினால்தான் அது சேதம். அந்த நிவாரணத்தை நம்பித்தான், வெள்ளம் புகுந்து கெட்டுப்போன கிணற்று மோட்டாரை மாற்றுவதாக இருந்தோம். மோட்டார் இல்லாவிட்டால் நிமிர்ந்து நிற்கும் மரமும் கோடையில் காயும். "அவர் வரட்டும், அதுவரை தொடாதே" என்று சொன்னது நான்.

வேலைக்குக் கிளம்பும்போது தம்பி கூப்பிட்டான்.

"சாக்கை நனைச்சு வேர் மேல போட்டிருக்கேன்க்கா. இல சுருள ஆரம்பிச்சிட்டு."

"போட்டோ எடுத்தியா?"

"எடுத்தேன். போட்டோவுல யார் தோப்பு மரமும் கெடக்கும்ங்காரு. நாளைக்கு வாராராம். நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னாரு."

தி. நகர் ஜவுளிக்கடையில் பில் பிரிவு எனக்கு. ஒரே சேலைக்கு இரண்டு முறை பில் போட்டுவிட்டேன். அப்படி நான் செய்வதில்லை. வாங்க வந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "ஒண்ணு நீ கட்டிக்கோ" என்றார்.

திரும்பும் வழியில் காய்கறிக்கடையில் எலுமிச்சைக் கூடையின் முன் நின்றுவிட்டேன். கடைக்காரி விடவில்லை.

"இன்னாக்கா, பாத்துக்கினே நிக்கிற? வெல ஏறிக்கீது. தெக்க காத்தாம், லோடு வர்ல."

"தெரியும். எங்க மரமும் சாஞ்சிருச்சு."

"அய்ய, தோப்பு வெச்சிக்கினா எங்கிட்ட வாங்குற?" என்றவள், என் முகத்தைப் பார்த்து ஒரு பழத்தைக் கூடுதலாகப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நானே வி.ஏ.ஓ.வை அழைத்தேன். களைத்த குரல்.

"மூணு ஊரும் என் ஒருத்தன் தலையிலம்மா. நாளைக்கு வரப் பாக்கேன். உறுதி சொல்ல முடியாது."

"நிமிர்த்தி வெச்ச மரத்தையும் எழுதுவீங்களா சார்?"

"நிக்கிற மரத்த விழுந்துச்சுன்னு நான் எப்படிம்மா எழுத? மேலேருந்து வந்து பாப்பாங்க. கெடக்கிறதத்தான் எழுதுவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கோபப்பட ஆள் இருந்தால் முடிவு எடுப்பது சுலபம். சாப்பிடும்போது தம்பி அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலவற்றில் ஆணிவேரே அறுந்திருந்தது. மற்றவை ஒரு பக்க வேரால் இன்னும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. புதுக் கன்று வைத்தால் அது காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். மோட்டாருக்கு என்ன வழி என்று தெரியவில்லை. டைரியில் அன்று தேதிக்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலை, பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஆணிவேர் அறுந்தத மட்டும் அப்படியே விட்டுரு, அவரு வந்து பாக்கட்டும். மத்தத நிமித்து. கிணத்து மேட்டுலேருந்து ஆரம்பி."